திறந்து வைத்த மதகு

ஆலங்கரையில் ஆற்றைக் காப்பாற்றுவதென்று முடிவானபோது, யாரிடமிருந்து காப்பாற்றுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பட்டியல் நீளும். கேட்டவர் பெயரும் அதில் வந்துவிடும். ஆகவே மழையிடமிருந்து காப்பாற்றுவதென்று தீர்மானம் போட்டார்கள். மழைதான் ஊருக்குள் பெய்து, கடைத்தெருக் குப்பையை எல்லாம் வாரிக்கொண்டு வடிகால் வழியாக ஆற்றில் கொட்டுகிறது. மழைக்குப் பொறுப்பில்லை, தரம் பிரிக்கத் தெரியவில்லை என்று நதிக்காப்புக் குழுவின் தலைவர் ராஜராஜன் பேசினார். மழையின் சார்பில் பதில் சொல்ல யாரும் வந்திருக்கவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

குழு அதற்கு முன்பே பல நல்ல காரியங்கள் செய்திருந்தது. தெருவுக்கு மூன்று தொட்டி வைத்தது: மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம், கையைக் கிழிக்கும் சாமான்களுக்குச் சிவப்பு. வெள்ளிக்கிழமை தோறும் பெண்களை உட்கார வைத்து, முட்டை ஓடு எதில், மாத்திரை அட்டை எதில் என்று பாடம் நடத்தியது. மாற்றிப் போட்டவர்கள் பெயரைப் பலகையில் எழுதி நாலு பேர் பார்க்கும்படி மாட்டியது. காலையில் டிராக்டர் வந்து மூன்று தொட்டிக் குப்பையையும் தனித்தனியாக எடுத்து ஒரே பெட்டியில் கொட்டிக்கொண்டு போகும். அதற்கு ஒருங்கிணைந்த போக்குவரத்து என்று பெயர். ஊர்க் கோடியில் கட்டிய தரம் பிரிக்கும் கூடத்துக்கு இன்னும் திறப்பு விழா நடக்கவில்லை. எனவே டிராக்டர் தற்காலிகமாக வடிகால் கரையிலேயே பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்துவிடும். நான்கு வருடமாக அது தற்காலிகமாகத்தான் நடந்து வந்தது.

அந்த வடிகால் ஆற்றில் போய் விழும் இடத்தில் வலைமதகு கட்டினார்கள். இரண்டு பக்கமும் சுவர், நடுவே ஆள் உயரத்துக்கு இரும்பு வலைக்கதவு. தண்ணீர் போகும், குப்பை நிற்கும். குப்பை சேர்ந்து வலை அடைத்துக்கொண்டால் கதவைத் தூக்கி, அள்ளிப் போட்டுவிட்டு இறக்க வேண்டும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் கதவைத் தூக்க வேண்டுமானால் பூட்டைத் திறக்க வேண்டும். பூட்டைத் திறக்க வேண்டுமானால் மதகுக்குத் திறப்பு விழா நடந்திருக்க வேண்டும். திறப்பு விழா நடக்க வேண்டுமானால் சிறப்பு விருந்தினர் தேதி கொடுக்க வேண்டும். அதுவரை கதவு இறக்கியே கிடந்தது. குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, ரிப்பன் நனையாமலிருக்க அதன்மேல் பாலிதீன் தாள் சுற்றியிருந்தார்கள்.

மதகுக்கு நூறு அடி மேற்கே, வடிகாலை ஒட்டி, அம்சத்துக்கு மூன்று மா நிலம். ஒரு ஏக்கர் கணக்கு. அதே வயலில் அவளுடைய அம்மா அடுத்தவருக்குக் கூலிக்கு நட்டிருக்கிறாள். அம்சமும் பாவாடை கட்டிய வயதிலிருந்து நட்டிருக்கிறாள். புருஷன் வைரக்கண்ணு அரிசி ஆலையில் மூட்டை தூக்க, இவள் நூறு நாள் வேலைக்குப் போக, இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதை வாங்கினார்கள். வாங்கிய மறுவருடம் வைரக்கண்ணு போய்ச் சேர்ந்தான். மகளை நன்னிலத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. அம்சத்துக்கு மிச்சம் இருப்பது அந்த மூன்று மாவும், அதில் நட்டு இருபதே நாளான சம்பாப் பயிரும்தான்.

ஐப்பசி நாலாம் நாள் மழை பிடித்தது. ஒரு நாள் பெய்து வெறித்தது. எப்போதும் அப்படிப் பெய்தால் வயலில் தண்ணீர் ஒரு பொழுது நிற்கும், மறுநாள் உச்சிக்குள் வடிந்துவிடும். இந்தத் தடவை மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. அம்சம் கரையோடு நடந்து போய்ப் பார்த்தாள். வலைக்கதவு முழுக்க கேரி பேக் அப்பிக்கொண்டிருந்தது. ஒரு கண் விடாமல் அடைத்து, வலை என்று சொல்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை. இந்தப் பக்கம் தண்ணீர் கரையை முட்டி நின்றது. அந்தப் பக்கம், நாலடி கீழே, ஆறு பளிச்சென்று ஓடியது. அவள் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பூட்டு ஆடியது, கதவு ஆடவில்லை.

குழு அலுவலகத்துக்குப் போனாள். வாசலிலேயே அவள் கையில் இருந்த உரச்சாக்குப் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள்; அது மக்காத வகை. உள்ளே நுழைபவர்கள் சுவரில் எழுதியிருக்கும் உறுதிமொழியைக் கை நீட்டிச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். 'நதி என் தாய், குப்பை என் பொறுப்பு' என்று தொடங்கி அது பதினோரு வரி. அம்சம் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ஒருங்கிணைப்பாளர் பரிதி டீ குடித்து முடித்திருந்தார். முப்பது வயது, கழுத்தில் அடையாள அட்டை, பேச்சில் தேன். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்று தொட்டியும் அவர் கனவில் வருமாம், அவரே சொல்லியிருக்கிறார்.

"சார், வடிகால் மதகத் திறக்கணும். வயல்ல தண்ணி நிக்கிது" என்றாள் அம்சம்.

"மனுவாக் குடுங்கம்மா."

"மனுவெல்லாம் எதுக்கு சார்? சாவியக் குடுத்தீங்கன்னா நானே தூக்கி உட்டுட்டு, அரை மணியில கொண்டாந்து குடுத்துடுறேன்."

பரிதி வருத்தத்தோடு சிரித்தார். "அம்மா, அது நதியோட கதவு. உங்க வீட்டுக் கொல்லைக் கதவு மாதிரி நெனச்ச நேரத்துல திறக்க முடியுமா? எழுத்துல வரட்டும். உங்க குரல் மேல வரைக்கும் போகணும்ல?"

எழுத்துக்கு ஊரில் ஒரே ஆள்தான். லியாகத் அலி. ஜெராக்ஸ் கடை ஓரத்தில் மேஜை போட்டு முப்பது வருடமாக மனு எழுதுகிறார். அதிராம்பட்டினத்துக்காரர், பெண் எடுத்த ஊரில் தங்கிவிட்டவர். அவர் எழுதி வேலை நடக்காத மனுக்கள் நிறைய உண்டு. ஆனால் மரியாதைக் குறைவாக இருந்தது என்று ஒரு மனுகூடத் திரும்பி வந்ததில்லை.

"மதகத் திறந்து விடச் சொல்லி எழுதுங்க பாய்" என்றாள் அம்சம்.

லியாகத் அலி பேனாவை நிறுத்தினார். "திறந்து விடன்னு எழுதக் கூடாது தங்கச்சி. விடறதுன்னா மாட்ட அவுத்து விடறது, கோழியத் திறந்து விடறது. அதிகாரிக்கு எழுதுற எடத்துல 'விடு'ன்னு வந்தா மொகம் சுளிப்பாங்க. 'திறந்து வைத்து'ன்னு போடுவோம். அது கௌரவமா இருக்கும்."

"எதையாச்சும் போடுங்க பாய். தண்ணி வடிஞ்சாப் போதும்."

அவர் தன் கையெழுத்தில் முத்து முத்தாக எழுதினார். 'மேற்படி மதகினைத் தாங்கள் நேரில் எழுந்தருளி உடனடியாகத் திறந்து வைத்து, இந்த ஏழை விவசாயியின் வாழ்வில் ஒளியேற்றுமாறு தங்கள் பொற்பாதம் பணிந்து வேண்டுகிறேன்.' வாசித்துக் காட்டியபோது அம்சத்துக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. இப்படி எழுதினால் எந்தக் கதவும் திறக்கும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

மூன்றாம் நாள் குழுவின் ஜீப் அம்சம் குடியிருக்கும் கீழத்தெருவுக்கே வந்தது. பரிதி இறங்கி, அம்சத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அம்மா, உங்க மனுவத் தலைவர் கூட்டத்துல வாசிச்சாரு. வாசிக்கும்போதே அவருக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. இத்தன வருஷத்துல எங்கள வந்து திறந்து வைங்கன்னு மக்கள்கிட்டேருந்து வந்த முதல் கோரிக்கை இதுதாம்மா. திறப்பு விழாவப் பெரிசா எடுக்கறதா முடிவாயிடுச்சு. உங்களயும் வரவேற்புக் குழுவுல போட்டிருக்கோம்."

அம்சத்துக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. "நான் விழா கேக்கல சார். கதவத்தான் திறக்கச் சொன்னேன்."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். விழா இல்லாம எப்படித் திறக்கிறது?"

அவர் கள்ளமில்லாமல்தான் கேட்டார். ஜீப் போன பிறகு தெருவில் நாலு பேர் வந்து, வரவேற்புக் குழுவில் தங்கள் பெயரையும் சேர்க்க முடியுமா என்று அவளிடம் கேட்டார்கள்.

விழா ஆலோசனைக் கூட்டத்துக்கு அவளை அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ராஜராஜன் பேசினார். அறுபது வயதுக்குக் கட்டான உடம்பு, கணீரென்ற குரல். "நண்பர்களே! இந்த மதகைக் கட்டுவதற்கு நாங்கள் பட்ட பாடு சிறிதல்ல. அதைவிட, கட்டிய மதகை இத்தனை நாள் திறக்காமல் காப்பாற்றி வைத்திருப்பதற்குப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். மழை வந்துவிட்டது, மழை வந்துவிட்டது என்கிறார்கள். மழை ஒவ்வொரு ஆண்டும் வரும். நமது சிறப்பு விருந்தினர் ஒவ்வொரு ஆண்டும் வருவாரா?" கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. அம்சமும் தட்டினாள். முன்வரிசையில் இருந்துகொண்டு தட்டாமல் இருப்பது எப்படி என்று அவள் கற்றிருக்கவில்லை.

விருந்தினர் முதலில் ஒரு புதன்கிழமையைக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு ஒரு கல்யாணம் வந்துவிட்டது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார். சனிக்கிழமையே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவித்தார்கள்: தொடர் மழை காரணமாக, மழைநீர் மதகுத் திறப்பு விழா ஒத்திவைக்கப்படுகிறது.

அந்த மழைதான் ஊரைக் கழுவிக்கொண்டு வந்தது. கடைத்தெருத் தண்ணீர், ஆஸ்பத்திரிச் சந்துத் தண்ணீர், கல்யாண மண்டபத்துத் தண்ணீர் எல்லாம் வடிகாலில் இறங்கி, கரையில் நான்கு வருடமாகத் தற்காலிகமாகக் கிடந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மதகுக்கு வந்து, போக வழியில்லாமல் திரும்பி அம்சத்தின் வயலுக்குள் ஏறியது. பால் பாக்கெட், பேப்பர் கப், தெர்மகோல், சாப்பாட்டு இலையைப் போலவே பச்சைக் கோடு போட்ட பிளாஸ்டிக் இலை, ஊசி, ஒற்றைச் செருப்பு. தண்ணீர் முதல் நாள் செம்மண் நிறத்தில் இருந்தது, அப்புறம் கறுத்தது. அதன்மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. ராத்திரியெல்லாம் கத்தித் தீர்க்கும் தவளைகள் கத்தவில்லை. கொக்கு வந்து வட்டமிட்டுப் பார்த்துவிட்டு இறங்காமல் போனது. நீர்ப்பாம்புகள் மட்டும் வரப்பில் ஏறிச் சோம்பிக் கிடந்தன; மிதித்தாலும் நகரவில்லை. அம்சத்துக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான். வெள்ளம் அவள் பார்க்காததல்ல. இப்படி நகராமல், சத்தமில்லாமல், நாளுக்கு ஒரு விரல் உயரும் தண்ணீரை அவள் பார்த்ததில்லை.

பயிரின் நுனி தண்ணீருக்கு மேலே தெரியும்வரை உயிர் இருக்கும். வடிந்துவிட்டால் நாலு நாளில் தெளிந்துவிடும். மேற்கு இரண்டு மாவில் நுனி மறைந்து வந்தது. கிழக்கு ஒரு மா கொஞ்சம் மேட்டுப் பாங்கு, அதில் இன்னும் தெரிந்தது. அவள் தினமும் வரப்பில் நின்று அந்த நுனிகளைப் பார்ப்பாள்.

ஐந்தாம் நாள் ஒரு பெரிய பிளக்ஸ் தட்டி மிதந்து வந்து மேற்கு வயலில் படிந்தது. ராஜராஜன் தம்பதி திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டபோது ஊர் முழுக்க வைத்தவற்றில் ஒன்று. மாலையும் கழுத்துமாக இருவரும் சிரித்தபடி பயிர்மேல் மல்லாந்து கிடந்தார்கள். அம்சம் அதை இழுத்துக் கரையில் போடப் போனாள். நல்ல வேளையாகப் பரிதி அங்கே வந்து தடுத்தார்.

"அம்மா, கை வைக்காதீங்க. தலைவர் படம். இத எந்தத் தொட்டியில போடறதுன்னு வழிகாட்டுதல் இன்னும் வரல."

"பயிரு அடியில சாவுது சார்."

"கேட்டு எழுதியிருக்கேம்மா. நான் வந்தது வேற விஷயமா." அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். அம்சத்தின் வயலில் தரம் பிரிக்கப்படாத குப்பை பெருமளவில் காணப்படுவதாகவும், அது நதிக்கு அச்சுறுத்தல் என்றும், ஏழு நாட்களுக்குள் தரம் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.

அம்சத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "இது என் குப்பையா சார்? ஊருக் குப்பை. நீங்க கொட்டுனது, நீங்க அடைச்ச கதவால என் வயலுக்குள்ள வந்துது."

"யாரு கொட்டுனாங்கன்னு பாக்க ஆரம்பிச்சா வேலை நடக்காதும்மா. எங்க கிடக்குதுன்னுதான் நாங்க பாக்கறோம்" என்றார் பரிதி. பிறகு இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நோட்டீஸ்னு பயப்படாதீங்க. உங்களுக்காகவே இங்கயே பயிற்சி முகாம் போடச் சொல்லிட்டேன்."

போட்டார்கள். வரப்பில் மூன்று தொட்டிகளையும் வரிசையாக வைத்து, பெண்களை முழங்கால் தண்ணீரில் நிற்க வைத்து, மைக்கில் பாடம் நடந்தது. பால் பாக்கெட் நீலம். ஊசி சிவப்பு. அம்சம் மூன்று நாள் குனிந்து குனிந்து பொறுக்கினாள். கையில் அரிப்பு எடுத்துத் தோல் தடித்தது. பொறுக்கப் பொறுக்க மேலே வடிகாலிலிருந்து வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மேற்கு வயலில் கையை விட்டபோது பயிர் தூரோடு கையில் வந்தது. குருத்து அழுகிக் குழகுழவென்று நாறியது. இரண்டு மாவும் அப்படித்தான். கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"சூப்பர்ம்மா! அது மக்கும் வகை" என்று மைக்கில் குரல் வந்தது. "பச்சையில போடுங்க."

ஆட்கள் வந்து மேற்கு வயலை மொத்தமாக அரித்து எடுத்துப் பச்சைத் தொட்டிகளில் நிரப்பி எடை போட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. ஆலங்கரையில் ஒரே குடும்பத்திலிருந்து அவ்வளவு மக்கும் குப்பை இதுவரை வந்ததில்லை என்றார்கள். அம்சம் அழுதாள். குழுவின் புகைப்படக்காரர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

விழாவுக்கு மூன்றாவதாகக் கொடுத்த தேதி உறுதியானது. அதுவரை அம்சம் கிழக்கு ஒரு மாவைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். வரப்பில் மண் வெட்டிப் போட்டு உயர்த்தினாள். குடத்தால் இறைத்தாள். நுனி தெரிந்தது. விழா அன்றைக்குக் கதவு தூக்கினால் அது பிழைத்துக்கொள்ளும், அடுத்த வருட விதைக்காவது ஆகும். விழா கேட்கவில்லை என்று சொன்ன வாயால் அவளே விழா சீக்கிரம் நடக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

மதகுக்குப் பக்கத்துக் கரையில் சாமியானா போட்டார்கள். மேடையை ஆற்றைப் பார்த்து அமைத்தார்கள்; வயல் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சிறப்பு விருந்தினர் மூன்று மணி நேரம் தாமதமாக வந்து, ரிப்பனை வெட்டி, மதகுச் சுவரில் திரையை விலக்கினார். கறுப்புக் கல். படத்தில் விருந்தினர் முகமும் கல்லும் சேர்ந்து விழ வேண்டும் என்று அவர் இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பதித்திருந்தார்கள். முதல் வரியில் விருந்தினர், இரண்டாவதில் ராஜராஜன், பிறகு துணைத்தலைவர்கள், செயற்குழு, ஒப்பந்தக்காரர், அதற்குக் கீழே பரிதி. எல்லாவற்றுக்கும் அடியில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, சின்ன எழுத்தில்: 'பொதுமக்கள் சார்பில் கோரிக்கை வைத்தவர்: திருமதி வை. அம்சம்.'

"ஆற்றைப் பாருங்கள்!" என்றார் விருந்தினர் மைக்கில். எல்லாரும் பார்த்தார்கள். "ஒரு காகிதம் மிதக்கிறதா? ஒரு பாக்கெட் மிதக்கிறதா? ஒரு மாதமாக மழை பெய்கிறது. இந்த ஊர்க் குப்பையெல்லாம் எங்கே போயிற்று? மாயமாகிவிட்டது! இதைத்தான் நான் நிர்வாகம் என்கிறேன்." கைதட்டினார்கள். காற்று பின்னாலிருந்து திரும்பியபோது சிலர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள்.

அதிக மக்கும் குப்பை அளித்த குடும்பம் என்று அம்சத்தை மேடைக்கு அழைத்து, அவளுடைய நானூற்றுப் பன்னிரண்டு கிலோவைச் சொல்லி, சால்வை போர்த்தினார்கள். விருந்தினருக்கு நினைவுப் பரிசாக, வெல்வெட் பெட்டிக்குள் வைத்து, மதகின் சாவியைக் கொடுத்தார்கள். வெள்ளி முலாம் பூசியிருந்தது. அவர் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு உதவியாளரிடம் கொடுத்தார். கார்கள் கிளம்பின. சாமியானாக்காரர்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

அம்சம் சால்வையோடு மதகடியில் நின்று பார்த்தாள். கதவு அப்படியே இருந்தது. ஓடிப்போய்ப் பரிதியைப் பிடித்தாள்.

"சார், மதகத் திறக்கவே இல்லியே!"

பரிதி அவளை விசித்திரமாகப் பார்த்தார். "திறந்து வச்சாச்சேம்மா. நீங்களும் மேடையிலதான இருந்தீங்க?"

"கதவு மூடியிருக்கு சார்."

"கதவு மூடியிருக்கும்மா. மதகு திறந்தாச்சு." அவர் பொறுமையாக விளக்கினார். "நீங்க மனுவுல என்ன கேட்டீங்க? திறந்து வைக்கணும்னு கேட்டீங்க. வச்சாச்சு."

"சாவி?"

"அது நினைவுப் பரிசு. திருப்பிக் கேட்டா மரியாதையா இருக்குமா? மாத்துச் சாவிக்கு டெண்டர் விட்டிருக்கோம். தை மாசத்துக்குள்ள வந்துடும்."

லியாகத் அலி கூட்டத்தின் ஓரத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் செத்துப்போயிற்று. "நான் எழுதுன ஒரு வார்த்தை தங்கச்சி" என்றார். "நான் மரியாதைக்குத்தான் எழுதுனேன்."

"விடுங்க பாய்" என்றாள் அம்சம்.

அன்று சாயங்காலமே கடல் பக்கம் வானம் இருண்டது. விடிய விடிய பெய்தது. காலையில் அம்சம் போனபோது கல்லில் அவள் பெயர் தண்ணீருக்குள் போயிருந்தது. கிழக்கு வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுனி தெரிந்தது. கீழத்தெருவில் வாசற்படிவரை வந்துவிட்டது என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அவள் பரிதிக்குப் போன் போட்டாள். பயிரைச் சொன்னாள், மனு கொடுங்கள் என்றார். தெருவைச் சொன்னாள், குறித்துக்கொள்கிறேன் என்றார். கடைசியில், "என் பேரு முழுகிடுச்சு சார், இன்னும் ரெண்டு விரக்கடைதான், அடுத்து உங்க பேரு" என்றாள்.

"கல்வெட்டா?" என்று அவர் குரல் மாறியது.

ஒரு மணி நேரத்தில் டிராக்டர் வந்துவிட்டது. எட்டு ஆட்கள், கடப்பாரை, உளி, கயிறு. பின்னாலேயே ஜீப்பில் பரிதி, குடையோடு. ராஜராஜன் போனில் அவருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அம்சத்துக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு நாளைக்குப் பிறகு ஒரு கை கடப்பாரையோடு இந்தப் பக்கம் வந்திருக்கிறது. "இந்தப் பக்கம் தம்பி, பூட்டு இங்க இருக்கு" என்று ஓடிப்போய்க் காட்டினாள்.

ஆட்கள் அவளைத் தாண்டிப்போய்ச் சுவரில் கல்லைச் சுற்றி உளி வைத்தார்கள்.

"தம்பி, பூட்டுப்பா. ஒரே ஒரு போடு போட்டா ஒடஞ்சிடும்."

"எங்களுக்குக் கல்லு வேலைதாங்க்கா சொல்லியிருக்காங்க" என்றான் ஒருவன். அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

அம்சம் அவன் பக்கத்தில் சாத்தியிருந்த இன்னொரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். மார்பளவு, பிறகு கழுத்தளவு. பூட்டு இப்போது அடியில் இருந்தது. மூச்சைப் பிடித்து முழுகிக் குத்தினாள். கடப்பாரை பிளாஸ்டிக் மொத்தையில் புதைந்து வழுக்கியது. மறுபடி குத்தினாள். என்னவென்று தெரியாதது எதுவோ காலைச் சுற்றியது. மூன்றாம் தடவை அவள் மேலே வராததைப் பார்த்துக் கல்லு வேலை ஆள் இரண்டு பேர் குதித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். கடப்பாரை உள்ளேயே போய்விட்டது.

அதற்குள் கல் பெயர்ந்துவிட்டது. தண்ணீருக்கு மேலே இருந்த பங்கு பத்திரமாக வந்தது. அடிவரி ஊறிக் கிடந்ததால் அந்த இடத்தில் விரிசல் விட்டு, கடைசி ஒரு சாண் சுவரிலேயே நின்றுவிட்டது. மேல்துண்டைத் துணியால் துடைத்து, தார்ப்பாய் சுற்றி, கரையின் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பரிதி அதைப் படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பினார். பதில் வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

இருமிக்கொண்டு கிடந்த அம்சத்தின் பக்கத்தில் வந்து குடையைக் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தார். "கவலப்படாதீங்கம்மா. புதுக் கல்லு அடிக்கும்போது உங்க பேரையும் சேத்துடலாம். ஒரு மனு மட்டும் குடுத்துடுங்க."

அவள் எழுந்து உட்கார்ந்து வயலைப் பார்த்தாள். காலையில் தெரிந்த நுனிகள் இப்போது இல்லை. வயல் எங்கே முடிகிறது, வடிகால் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பின்னால் கீழத்தெருவில் ஆட்கள் அரிசி டிரம்மைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டிராக்டர் உறுமித் திரும்பியது. மதகுக்கு அந்தப் பக்கம், நாலடி கீழே, ஆறு சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.